தடுப்புக்கு அந்தப் பக்கம்

காலையில் போட்ட தீனி சாயங்காலம் வரை அப்படியே மிதந்தது. ஆள் நிழல் பட்டாலே கண்ணாடியில் வந்து முட்டி, பல நாள் பட்டினி கிடந்தவை போல வாயைப் பிளக்கும் அந்த மூன்று தடியன் ஆஸ்கர் மீன்களும் தொட்டியின் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டதில் ஹாலுக்குள் இருட்டு கட்டியிருந்தது. காற்றுக்குழாய் கொப்பளிக்கும் சத்தமும், ஊறிப்போன பாசி வாடையும், சுவரெல்லாம் நெளியும் பச்சை வெளிச்சமும்தான் அங்கே மிச்சம்.

எல்லாம் புருஷன் செய்த வேலை. கடைக்காரன் ஒரு வேட்டை மீன் குஞ்சை அவர் தலையில் கட்டிவிட்டான். கறுப்பு, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. சின்னதிலேயே பெரிய மீன்களோடு பழக்கினால் அடங்கி வளரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதுவரை பெரியவை அதை விழுங்கிவிடக் கூடாதே என்று நடுவில் ஒரு பிளாஸ்டிக் தகட்டைத் தடுப்பாகச் செருகி, தண்ணீர் போய்வர வரிசையாக ஓட்டையும் போட்டிருந்தார். பெற்ற மகளுக்கு ஒரு வாய் சோறு ஊட்டாத மனுஷன், அதற்குப் புழு பொறுக்கிப் போட்டார்.

"பெருசுங்க சாப்பிடவே இல்ல. என்னன்னு பாருங்க."

"உன் மெஷின் போடுற சத்தத்துல எதுக்குச் சாப்பாடு இறங்கும்?" செல்போனிலிருந்து அவர் தலை நிமிரவில்லை.

மூலையிலிருந்து ஒரு ஆஸ்கர் பிரிந்தது. தடுப்பை நோக்கி மெதுவாக வந்தது. அது திரும்பியபோது அவள் பார்த்தாள். ஒரு பக்கம் கண் இல்லை. பட்டன் பிய்ந்து போன இடம் போல வட்டமாக ஒரு குழி. மற்ற இரண்டையும் பார்த்தாள். அவற்றுக்கு இரண்டு பக்கமும் இல்லை.

தடுப்பருகே வந்த மீன் உடம்பைச் சாய்த்தது. மிச்சமிருந்த கண்ணைத் தானாகவே ஓட்டையில் பொருத்தியது.

அந்தப் பக்கம் குஞ்சு காத்திருந்தது.

சின்ன இழுப்பு. பெரிய மீன் துடிக்கவில்லை. துடுப்புகூட அசையவில்லை.

தொட்டி முன்னால் விளையாடிக்கொண்டிருந்த மகளை அவள் வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இத இப்பவே வெளிய கொண்டு போங்க. இல்லன்னா நானே சாக்கடையில கொட்டிடுவேன்."

"கைய வச்சுப் பாரு, அப்புறம் தெரியும்."

"அதுங்களே போய்க் கண்ணக் குடுக்குதுங்க. பாத்தேன். குழந்த இருக்கற வீடுங்க இது!"

"பைத்தியம் முத்திப் போச்சா?" அவர் எரிச்சலோடு எழுந்து வந்தார். குஞ்சு தடுப்பருகே இல்லை. கல்லுக்கடியிலும் இல்லை. விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த தொட்டி. மூடியில் குஞ்சின் பக்கம் தீனி போடும் ஓட்டை மேல் குனிந்து ஒரு கண்ணை வைத்தார்.

"எங்க... ஒண்ணையும் காணோமே..."

பேச்சு நின்றது.

"என்னங்க?"

அவள் குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள்.

கண்ணாடி வழியே அவளுக்குத் தெரிந்தது. மூடிக்குக் கீழே குஞ்சு செங்குத்தாகத் தொங்கியது. வாய் மேலே. வால் மட்டும் மெல்ல ஆடியது. பால் குடிக்கும் நாய்க்குட்டியின் வால் போல.

தண்ணீரில் சிவப்பாக ஒரு நூல் இறங்கியது.

அவர் கத்தவில்லை. தலையை எடுக்கவில்லை. ஒரு கை மட்டும் பின்னால் நீண்டு, வா வா என்றது.

"வாடா செல்லம்." அந்தக் குரலில் அவ்வளவு பாசத்தை அவள் கேட்டதே இல்லை. "வந்து பாரு. அப்பா தூக்கிக் காட்டறேன்."

அவள் பிடியை இறுக்கினாள். வாசலுக்கு ஓடத்தான் திரும்பினாள்.

"வர்றேம்ப்பா," என்றது குழந்தை. அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே.