கூண்டுக்குள் போகாத கோழிகள்

பொழுது சாய்ந்ததும் யாரும் சொல்லாமலே வரிசை கட்டிக் கூண்டுக்குள் போய்விடும் கோழிகள் அன்று போகவில்லை. திறந்து கிடந்த கூண்டுக் கதவுக்கு முன்னால் ஐந்தும் ஒன்றையொன்று ஒட்டி நின்றுகொண்டு, கழுத்தை நீட்டி, உள்ளே இருந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. தையல்காரி கை தட்டி விரட்டிப் பார்த்தாள், தானியத்தை உள்ளே இறைத்துப் பார்த்தாள், கடைசியில் ஒன்றைத் தூக்கி உள்ளே விட்டாள். விட்ட கையோடு அது அவள் கால்களுக்கு நடுவே புகுந்து வெளியே ஓடியது.

"என்னங்கடி, மகாராணிகளுக்கு மாளிகை கட்டித் தரணுமா?" என்று இடுப்பில் கை வைத்தாள்.

அந்த இடுப்புக் கையைத் தெருவுக்கே தெரியும். வருஷக்கணக்காக மெஷினில் குனிந்து குனிந்து அவளுக்கு இடது தோள் இறங்கிப் போயிருந்தது. அந்தக் கையை இடுப்பில் ஊன்றி நின்றுவிட்டாள் என்றால் இனி யார் வந்தாலும் நகரமாட்டாள் என்று அர்த்தம். வீட்டுக்காரர் லாரியோடு போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. வீடும், இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும் மகளும், அந்த மகள் உயிரையே வைத்திருக்கும் கோழிகளும் அவள் பொறுப்பு.

டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆள் நிமிர்ந்து நிற்கும்படி, படுக்கையறையின் வெளிச்சுவரை ஒட்டி வீட்டுக்காரர் ஆசையாகக் கட்டிய கூண்டு அது. நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்ததுபோல ஒரு வாடை. கோழிகள் உட்காரும் கட்டையின் இடுக்குகளில் சாம்பல் மாதிரி ஏதோ அப்பியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தாள். சாம்பல் சிவப்பாக இழுபட்டது.

செள்ளுப் பூச்சி. பகலெல்லாம் பலகை இடுக்கில் கிடக்கும், இருட்டியதும் ஊர்ந்து வந்து தூங்குகிற கோழியின் ரத்தத்தைக் குடிக்கும். கோழிகளின் கொண்டை வெளுத்துப் போனதும், முட்டை ஓட்டில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்ததும் இதனால்தானா என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எதிர் வீட்டு நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அண்ணி, பேசாம எல்லாத்தையும் அறுத்துடுங்க. வீட்டுக்குள்ள வந்துடப் போகுது."

கதவுக்குப் பின்னால் மகள் நின்று கேட்டுக்கொண்டிருப்பது தையல்காரிக்குத் தெரியும். "என் பொண்ணு கையில வச்சு வளர்த்த கோழி. ஒரு பூச்சிக்குப் பயந்து கழுத்தைத் திருகுற ஆளா நான்? சாப்பாடு போடலைன்னா எந்த விருந்தாளியும் தங்கமாட்டான். கூண்டைக் காலி பண்ணிட்டா தானா ஓடிடும்."

அன்றைக்கே கோழிகளைக் குளிப்பாட்டி, மொட்டை மாடியில் பெரிய கூடைக்குள் அடைத்தாள். மறுநாள் கால்நடை டாக்டருக்குப் போன் பண்ணி, தான் செய்ததைப் பெருமையாகச் சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசினார்.

"மருந்து அடிச்சுட்டு இல்லம்மா காலி பண்ணணும்? அது மாசக்கணக்கா பசி தாங்கும். தாங்கிக்கிட்டு, பக்கத்துல சூடு எங்க இருக்குன்னு தேடும். மருந்து வந்ததும் அனுப்புறேன். அதுவரைக்கும் கூண்டுப் பக்கமா யாரும் படுக்காதீங்க."

படுக்கையறை ஒன்றுதான். மகள் படுப்பது அந்தச் சுவர் ஓரம்தான். கட்டிலை அறையின் அடுத்த மூலைக்கு இழுத்துப் போட்டாள். விளக்கை அணைத்த பிறகு சுவருக்குள்ளிருந்து சத்தம் வந்தது, யாரோ உலர்ந்த மணலை முறத்தில் போட்டு, அவசரமே இல்லாமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிப்பதுபோல. எழுந்து போய் சுவரை ஓங்கிக் குத்தினாள். நின்றது. படுத்தாள். மறுபடியும் ஆரம்பித்தது.

அடுத்த நாள் பொழுது மசங்கும் வேளையில் துணி எடுக்கக் கொல்லைக்குப் போனவள், கூண்டுக்குள் ஐந்து கோழிகளும் கட்டையில் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கோபம் தலைக்கேறியது. "ஏய், யாரைக் கேட்டுடி கீழ கொண்டுவந்தே?" என்று மகளைக் கூப்பிட வாயெடுத்தாள்.

மாடியிலிருந்து ஒரு கோழி கொக்கரித்தது.

தையல்காரி அப்படியே நின்றாள். கட்டையில் இருந்தவற்றுக்குக் கண் இல்லை. அலகு இருந்தது, கொண்டை இருந்தது, எல்லாமே ஒரே சாம்பல் நிறத்தில். தூங்கும் கோழிக்கு மார்பு ஏறி இறங்குவதுபோல மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. டார்ச்சை அடித்தாள். ஐந்தும் பொலபொலவென்று உதிர்ந்து, தரையில் ஓடி, சுவர் விரிசலுக்குள் போய்விட்டன.

பயம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. சிமென்ட்டைக் குழைத்து, அறைக்குள் ஒரு விரிசல் விடாமல் பூசினாள்.

காலையில் மகள் கழுத்தைச் சொறிந்துகொண்டே எழுந்தாள். சங்கிலி போட்டதுபோல் கழுத்தைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள். தலையணை உறையிலும் புள்ளிகள்.

அன்று சாயங்காலம் கொதிக்கக் கொதிக்க வெந்நீரோடு கூண்டைத் திறந்தாள். கட்டையில் ஐந்து கோழிகள். கட்டைக்குக் கீழே, வைக்கோல் மேல், முழங்காலை மடித்து, இரண்டு கைகளையும் கன்னத்துக்கு அடியில் செருகிக்கொண்டு, சின்னதாக ஒன்று படுத்திருந்தது.

அவள் மகள் அப்படித்தான் தூங்குவாள்.

அது மகள் இல்லை, அது மகள் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வெந்நீரை ஊற்றினாள். சாம்பல் கரைந்து சிவந்து ஓடியது. மிச்சம் சுவருக்குள் போனது.

மகளையும் கோழிக் கூடையையும் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டாள்.

"நீங்களும் இங்கயே இருங்க அண்ணி."

"நானும் வந்துட்டா அது சூட்டைத் தேடித் தெருவைத் தாண்டாதா? பசிச்சா என்கிட்ட வரட்டும். என் வீடு இது. போகணும்னா அதுதான் போகணும்."

கட்டிலைப் பழைய இடத்துக்கே, சுவர் ஓரமாக இழுத்துப் போட்டாள். மகள் படுக்கும் இடத்தில் மல்லாந்து படுத்தாள். மணல் சத்தம் சுவரிலிருந்து கட்டில் காலுக்கு வந்தது. பிறகு மெத்தைக்கு. பிறகு சத்தமே இல்லை. ஊசி முனைகள் மட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். குடி. நன்றாகக் குடி. நாளைக்கு உனக்கு இருக்கிறது.

விடிந்தபோது விரிப்பில் அவள் படுத்திருந்த வடிவம் சிவப்பாகப் பதிந்திருந்தது. எழுந்து நிற்கத் தலை சுற்றியது. பகலெல்லாம் சும்மா இருக்கவில்லை. கூண்டைச் சுவரிலிருந்து கடப்பாரையால் நெம்பிப் பிரித்து, முற்றத்து நடுவுக்கு அங்குலம் அங்குலமாக இழுத்தாள். தன் ரத்தம் பட்ட விரிப்பை உள்ளே போட்டாள். வாசனைக்கு வரட்டும். மண்ணெண்ணெய் டின்னையும் தீப்பெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பொழுது மசங்கியது. மணல் சத்தம் சுவரை விட்டு இறங்கியது. முற்றத்தைக் கடந்தது. கூண்டுக்குள் போனது.

மண்ணெண்ணெயைச் சுற்றி ஊற்றினாள். கதவைத் திறந்தாள்.

கட்டை காலி. கோழிகள் இல்லை. வைக்கோல் மேல் சின்னது இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

மூலையில் ஏதோ நிமிர்ந்தது.

அவள் உயரம். இடது தோள் இறங்கியிருந்தது. இடது கை இடுப்பில்.

"நகரு," என்றாள் தையல்காரி.

அது நகரவில்லை. டார்ச்சை அதன் முகத்துக்கு நேராக அடித்தாள். இந்தத் தடவை அது உதிரவில்லை. ராத்திரி முழுக்க அது குடித்தது வெறும் ரத்தத்தை மட்டும் இல்லை, அவள் பிடிவாதத்தையும்தான்.

"நீயும் நகரமாட்டியா?" என்றாள். கால் பின்வாங்கவில்லை. அவளும் இடது கையை இடுப்பில் ஊன்றினாள். வலது கையால் குச்சியை உரசினாள்.

குச்சியில் தீ பற்றியது.

அந்த வெளிச்சத்தில் அது வலது கையைத் தூக்கியது. குச்சியைப் பிடிப்பதுபோல இரண்டு விரல்களைச் சேர்த்தது. அவளைப் பார்த்து ஓர் அடி முன்னால் வைத்தது.