பனி உருகிய இடம்

போன் அலறியது!

நெஸ்டா எடுத்தாள். பேசியது கீழ்ப் பண்ணை ஷோனெட்.

"அடியே, உன் வீட்டு மண் கூரையைப் பாத்தியா? மலை பூரா வெள்ளை வெளேர்னு பனி... அங்க ஓர் இடத்துல மட்டும் பச்சைப் பசேல்னு புல்லு தெரியுது!"

"எ... எங்க?"

"பின்மேட்டுல. காத்துக்குழாய் பக்கத்துல. ஒரு ஆள் நீளத்துக்கு! வீடு கட்டின கெதின்கிட்ட சொல்லிட்டேன். வந்துட்டே இருக்கார்!"

நெஸ்டா போனைக் கீழே போட்டாள்.

அங்கேதான் இத்வல் இருந்தான். அவள் புருஷன். ஊரைப் பொறுத்தவரை கார்டிஃப் நகரத்துக்கு ஓடிப்போனவன். உண்மையில், செப்டம்பரிலிருந்து நான்கடி மண்ணுக்குக் கீழே!

மண்ணைப் போர்த்திக்கொண்டு மலைக்குள் பதுங்கிய வீடு. ஹீட்டரே கிடையாது. மண்ணுக்கடியில் பதித்த தெர்மோகோல் அட்டைகள் உள்ளேயிருக்கும் சூட்டை வெளியே விடாது. கூரையில் பனி உருகவே கூடாது!

குழி வெட்டும்போது அட்டை உடைந்திருக்குமோ...?

ஓடினாள். வெறுங்கையால் பனியை அள்ளி அள்ளிப் போட்டாள். போட்டது கண்ணெதிரே நீராகியது.

"நெஸ்டாம்மா! என்ன பண்றீங்க?"

கெதின்! ஒரு கையில் பை. மறுகையில்... மண்வெட்டி!

"ஒ... ஒண்ணுமில்ல. நீங்க போங்க. பனி போனதும் பாத்துக்கலாம்."

"அதெப்படிம்மா? நான் கட்டின வீடு. ஊரே சிரிக்கும். தள்ளுங்க."

"வேணாம்!"

"ஏன் இப்படி நடுங்கறீங்க?"

கெதின் மண்வெட்டியைத் தரையில் குத்தி நிறுத்தினார்.

"தோண்டாதீங்க!" அலறினாள். "நான்தான்... நான்தான் இத்வலைத் தள்ளினேன்! நான் உசிரா நெனச்ச வீட்டை வித்துட்டு ஃப்ளாட் வாங்கணும்னு நச்சரிச்சான். படில தலை மோதி... இங்கதான் புதைச்சேன்!"

கெதின் இரண்டடி பின்வாங்கினார்.

"இ... இத்வலா? இங்கயா?"

"தெரிஞ்சுதானே தோண்ட வந்தீங்க?"

"தோண்டவா? வர்ற வழில பனி தள்ள எடுத்தேம்மா இதை! குழாய் மூட்டுல வீட்டுக்குள்ள இருக்கிற சூட்டுக்காத்து கசியுது. காத்தடிக்கிற பக்கமா நீளமா உருகும். புது வீட்டுல மொதக் குளிருக்கு இது சகஜம்!"



ஒரு கையால் போனில் போலீஸ் எண்ணை அழுத்தியபடியே, கெதின் பையிலிருந்து ஒரு டேப் சுருளை எடுத்துக் காட்டினார்.

"குழாய்க்கு ரெண்டு சுத்து போதும்மா... மிச்சத்தை முன்னாடியே உங்க வாயில ஒட்டியிருக்கலாம்!"