பதினொன்றரை மூட்டை

1996, ஜனவரி 22. காலை 10.20. ஏற்காடு காவல் நிலையம்.

"என்ன திருட்டுப் போச்சு கண்ணு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் அங்கப்பன்.

"புரோகிராமுங்க சார். ரெண்டு மாசம் நொம்பக் கஷ்டப்பட்டு எழுதுனதுங்க."

மரியசெல்வி எஸ்டேட் ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்ட். காப்பிக்கொட்டையின் ஈரத்தைப் பார்த்து, எதை மறுபடி களத்தில் காய வைக்க வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் அது. எழுதியவருக்கு நிரந்தர வேலை. அந்த உத்தரவு இன்று நான்கு மணிக்குக் கிறிஸ்துதாஸ் கைக்குப் போகிறது.

கிறிஸ்துதாஸ் சென்னையில் பிறந்து படித்து, போன வருடம் மலையேறியவர். டெலிபோன் வழியாக எழுதிப் படிக்கும் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை நடத்தினார். அதில் புதியவர், தேர்ந்தவர் என்று இரண்டு பகுதி. தேர்ந்தவர் எழுதுவதைப் புதியவர் படிக்கவும் முடியாது. பந்தி பிரிக்க நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்!

"'இது சரியாங்களா'ன்னு புதியவர் பகுதியில போட்டனுங்க. ஒருத்தரும் பதில் சொல்லல. இப்ப அவரு பேர்ல மேனேஜர் மேசையில இருக்குதுங்க."

பகல் 12.10. கிறிஸ்துதாஸின் கம்ப்யூட்டர் சென்டர்.

"மேனேஜர் மேசையில என் பிரிண்டைப் பார்த்து அவங்கதான் காப்பியடிச்சாங்க. தேதி பாருங்க சார்."

"கம்ப்யூட்டர்ல தேதிய மாத்தலாமுங்களா?"

"மாத்தலாம்..."

"அந்தப் புள்ள போட்டது உங்க போர்டுல இல்லியே?"

"பழசை அழிச்சிடுவேன். புதியவர் பகுதி வெறும் குப்பை சார்."

அங்கப்பனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. எழுத்துக் கூட்டத் தெரியும். பிரிண்டில் விரல் வைத்தார்.

"என்-ஓ-எம்-பி-ஏ. சமம் 11.5. இதென்னங்க?"

"நம்பர் ஆஃப் மேக்ஸிமம் பேக்ஸ். அதிகபட்ச மூட்டை. சுருக்கி எழுதுவோம்."

"இதுக்குக் கீழ?"

"ஈரம் அதைத் தாண்டினா களத்துக்கு அனுப்பணும்."

அங்கப்பன் இரண்டையும் குறித்துக்கொண்டார்.

மாலை 3.40. மேனேஜர் ஞானசுந்தரத்தின் அறை. உத்தரவு மேசைமேல் இருந்தது.

"ஏனுங்க கிறிஸ்துதாஸ், ஈரத்தை மூட்டையோட ஒப்பிடறது எந்த ஊருக் கணக்குங்க? அதுவும் பதினொன்றரை மூட்டையோட?"

அங்கப்பன் பிரிண்டை மேனேஜர் பக்கம் நகர்த்தினார்.

"மேனேஜர் சார், அந்த அஞ்செழுத்தை வாய்விட்டுப் படிங்க."

"நொம்ப..." ஞானசுந்தரம் நிமிர்ந்தார்.

"அதேதானுங்க. பதினொன்றரை சதவீதத்துக்கு மேல போனா ஈரம் நொம்ப. நொம்பன்னா என்னன்னு இந்த மலையில மஞ்சக்குட்டைக் கொழந்தைக்கும் தெரியும். மெட்ராஸ்ல 'ரொம்ப'ம்பாங்க. புரோகிராமுல மத்த பேரையெல்லாம் மாத்துனவரு, இத இங்கிலீஷுன்னு நெனச்சு விட்டுட்டாரு."

கிறிஸ்துதாஸ் தலை குனிந்தார். உத்தரவில் பெயர் மாறியது. தேர்ந்தவர் பகுதியும் மரியசெல்விக்குத் திறந்தது.

மாலை 5.15. முதல் முறையாக உள்ளே போய்ப் பார்த்தாள். அவள் புரோகிராமுக்குக் கீழே பதினான்கு பாராட்டு, எல்லாம் கிறிஸ்துதாஸுக்கு. ஒவ்வொன்றாகப் படித்தாள். கடைசியாக ஒருவர் எழுதியிருந்தார்:

"பிரமாதம் சார். புதியவர் பகுதி ஆட்களுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் இது வராது."