மேலைவாயிலின் மிதிகட்டை

அந்திச் செவ்வானம் வெள்ளாற்று நீரில் குங்குமம் கரைத்தாற்போல் படர்ந்து, அலைதோறும் இளநிலா தளும்பிக்கொண்டிருந்த அந்த எழில்மிகு வேளையில், கருமலைக் கோட்டையின் மேலைவாயிலை நோக்கித் தலைவிரிகோலமாய் ஓடினாள் நெசவாளர் தலைவரின் திருமகள் ஆவுடைநங்கை. அக்கரைப் பகைவர் பாசறையிலிருந்து தீவட்டி ஒன்று மும்முறை அசைந்ததையும், அதற்கு மேலைவாயிலிலிருந்தே மறுமொழியாய் இன்னொரு தீவட்டி அசைந்ததையும் அவள் கண்டுவிட்டாள். அங்கே காவலிருந்தவன் அவளுடைய காதலன் ஒருவனே!

அன்பார்ந்த வாசகர்களே, நெய்பவர் கால்வைத்து அமரும் தறிக்குழியில் அயலாரை இறக்கலாகாது என்பது அவள் குலத்தாரின் கட்டுப்பாடு. மூன்று திங்களுக்கு முன் அதை மீறித் தன் காதலனான தச்சன் எழுவனைக் கைப்பிடித்து இறக்கினாள். மிதிகட்டையை மிதித்ததும் நூற்றுக்கணக்கான இழைகள் ஒருங்கே எழக்கண்டு அவன் வாய்பிளந்து நின்றான். இருபது வீரர் வடம்பிடித்துத் தூக்கும் வாயிற்கதவையும் இவ்வாறே எழுப்பலாமே என்று சொன்னவளும் அவள்தான். தறியின் சூட்சுமத்தைத் தச்சு வாங்கிக்கொண்டது. வாயிலுக்கும் ஒரு மிதிகட்டை அமைந்தது; கதவின் பளுவுக்கு ஈடாக எதிரெடைக் கற்கள் கயிற்றில் தொங்கின. இருபது வீரரும் வேறு காவலுக்குச் சென்றனர்; வாயில் எழுவன் ஒருவன் பொறுப்பாயிற்று. மணநாளும் குறித்தாயிற்று. ஒரு கலை இன்னொரு கலையிடம் கடன் வாங்கினால் இரண்டும் தழைக்கும், ஐயமில்லை. வாங்குகிறவன் யாரென்று பார்க்க வேண்டாமா? காதலுக்குக் கண்ணில்லை என்று சும்மாவா சொன்னார்கள்!

இப்போது வாயிலின் மிதிகட்டையில் எழுவனின் கால் அழுந்தியிருந்தது. கதவு இடுப்பளவு உயர்ந்திருக்க, வெளியே குளம்பொலி நெருங்கியது.

"என்ன காரியம் செய்கிறீர்கள், எழுவரே?"

"எழுவன் அல்ல, நங்காய்! வடகரை வேந்தரின் இளவல் வீரகண்டன் நான். மூன்றாண்டு முற்றுகையில் திறவாத வாயிலை உன் ஒரு சொல் திறந்தது. வா, அரண்மனை உனக்காகக் காத்திருக்கிறது!"

தன் குலத்தையே அவன் காலடியில் வைத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். மறுகணம் இடுப்பிலிருந்த நூலறுக்கும் கத்தியை உருவி, எதிரெடைக் கயிற்றை வெட்டினாள். கதவு இடியென விழுமுன், வீரகண்டன் அதனடியில் உருண்டு வெளியே தப்பினான்.

"கயிற்றை அறுத்தாய், நான் கற்றதை அறுப்பாயோ?" என்று அப்பாலிருந்து நகைத்தான். "எங்கள் கோட்டை வாயில்களில் எல்லாம் இதையே அமைப்பேன்!"

"அமைத்துக்கொள், வஞ்சகா!" கண்ணீர் வழியக் கதவில் கைகளை அறைந்தாள் ஆவுடைநங்கை. "எங்கே வெட்டினால் விழும் என்பதை உனக்குக் கற்பித்தவளே அறிவாள். ஒவ்வொரு வாயிலுக்கும் வருவேன். உன் சேனை வெளியேற வழியின்றி உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். இது என் குலதெய்வத்தின்மீது ஆணை!"

அப்பால் குளம்பொலி ஆற்றை நோக்கி விலகி ஓடியது.