அசை போடும் குதிரை

ராஜகேசரி அசை போட்டுக்கொண்டிருந்தது.

சபீரா தண்ணீர் வாளியை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். தீனித்தொட்டி காலி. காலையில் போட்ட புல்லில் ஒரு தாள்கூட மிச்சமில்லை. தொட்டியின் அடிமரம் நாக்கு பட்டுப் பட்டு ஈரமாகப் பளபளத்தது. ஆனாலும் அந்த வெள்ளைக் குதிரையின் கீழ்த்தாடை வலமும் இடமுமாக, அவசரமே இல்லாமல், குட்டையோரம் படுத்திருக்கும் எருமையின் தாடையைப் போல அரைத்துக்கொண்டே இருந்தது. எருமை அசை போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். குதிரை அசை போடாது. வாந்தியும் எடுக்காது. உள்ளே போனது போனதுதான், வாய் வழியாகத் திரும்பாது. சேந்தமங்கலத்து ஜட்காக்காரர் மகளான அவளுக்கு இதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குதிரை விழுங்கியது. கழுத்தின் உள்ளே ஓர் உருண்டை கீழிறங்கி மறைந்தது. சபீரா மூச்சு விட்டாள். ஏதோ பல்லிடுக்கில் சிக்கிய புல்லாக இருக்கும் என்று வாளியை எடுக்கக் குனிந்தபோது, நெஞ்செலும்புக்கு மேலே தோல் புடைத்தது. இன்னோர் உருண்டை கிளம்பி, வெள்ளை மயிரை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு, மெதுவாக மேலே ஏறி வாய்க்குள் போனது. கூடவே ஒரு வாசனை வந்தது. குழந்தை கக்கிய பாலும் நாள்பட்ட பலாச்சுளையும் ஒரே துணியில் முடிந்து வைத்ததைப் போன்ற புளிப்பு.

"பொங்கியண்ணா, இங்க வாங்களேன்."

அவளுடைய லாயத்தைக் கூட்டிக்கொண்டிருந்த வேலையாள் பொங்கியண்ணன் விளக்குமாற்றோடு வந்து எட்டிப் பார்த்தார். "ஜமீன் குதிரையாச்சுங்களே அம்மிணி. நம்மூட்டு மாடு கன்னாட்டம் ஒருவாட்டி தின்னா கவுரவமா இருக்குமா? அதான் ரெண்டு வாட்டி திங்குது." சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, பார்க்காதவர் மாதிரி விளக்குமாற்றைத் தேய்த்தபடி நகர்ந்துவிட்டார்.

சபீராவின் கவலை அந்தக் குதிரையைப் பற்றியதல்ல. பக்கத்துத் தடுப்பில் நின்ற மைனாவின் குட்டியைப் பற்றியது. மைனா அவளுடைய சொந்தக் குதிரை. போன வருஷக் குட்டி செத்துப் பிறந்தது. இதை, பதினோரு மாதம் காத்து, இன்று விடிகாலையில் தன் இரண்டு கையாலும் அவள் இழுத்துப் போட்டாள். செவலை, பெட்டை. நாற்பது நிமிஷத்தில் எழுந்து நின்றது. நின்ற குட்டி அடுத்து மடியைத் தேட வேண்டும். இது தேடவில்லை. நடுங்கும் கால்களால் நேரே பலகைத் தடுப்புக்கு நடந்து போய், இடுக்கில் மூக்கை வைத்து, அந்தப் பக்கத்துக் காற்றை மோந்துகொண்டு நின்றது. மைனாவின் மடியிலிருந்து சீம்பால் தானாகச் சொட்டி வைக்கோலை நனைத்தது.

மடிக்கு இழுத்து வந்தாள், திரும்பிப் போனது. கறந்து புட்டியில் கொடுத்தாள். கடைவாய் வழியாக ஒழுகவிட்டது. கால்நடை டாக்டர் தேவராஜுக்குப் போன் போட்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள சீம்பால் உள்ள போயாகணும்மா. இல்லாட்டி ரெண்டு மூணு நாள்தான் தாங்கும். பக்கத்துல வேற குதிரை இருந்தா முதல்ல தள்ளிக் கட்டுங்க."

வேறு குதிரை என்றால் ராஜகேசரி மட்டும்தான். மற்றவற்றைச் சாரல் தொடங்கியதும் சொந்தக்காரர்கள் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ராஜகேசரியை யாரும் தள்ளிக் கட்ட முடியாது. சொந்தக்காரர் கைபடாமல் அது ஓர் அடி எடுத்து வைக்காது. அவருடைய மூன்று மாதப் பெருமையே அதுதான். ஆகவே அவள் மைனாவையும் குட்டியையும் வீட்டுக்குப் பின்னால் இருந்த மிளகுக் கொட்டகைக்கு மாற்றினாள். பத்து நிமிஷத்தில் குட்டி தாயை விட்டுவிட்டு, பிறந்து ஆறு மணி நேரமே ஆன கால்களால், மழையில் தனியாக நடந்து லாயத்துக்கு வந்துவிட்டது. தாயை விட்டு வரும் குட்டியை அவள் அதுவரை பார்த்ததில்லை. திரும்பத் தூக்கிப் போய்க் கட்டினாள். பிறகு ராஜகேசரியின் சொந்தக்காரர் அர்த்தனாரிக்குப் போன் போட்டாள்.

அர்த்தனாரிக்கு நாமக்கல்லில் கோழித்தீவன ஆலை. அதைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஜமீன் என்று சொல்ல வேண்டும். அந்த ஜமீன் எந்தத் தாலுகாவில் இருந்தது என்பது தாசில்தாருக்கும் தெரியாது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பிளக்ஸ் கடையில், பன்னிரண்டுக்கு எட்டு அடியில் அது பிறந்தது. போன ஆடி விழாவுக்குள் பேனர் இன்னும் நாலடி வளர்ந்து, அவர் ஓரி மன்னனின் நேர் வாரிசாகவும் ஆகிவிட்டார். வாரிசுக்கு வில் பிடிக்க வராது. குதிரையும் ஏற வராது. ஸ்டூல் போட்டு ஏற்றி, போட்டோ எடுத்து முடிகிறவரை இரண்டு பேர் பின்புறத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பிளக்ஸ் கடைக்காரர் பிறகு அந்தக் கைகளை அழித்துவிடுவார்.

லாயத்தில் பராமரிக்கக் குதிரையை விட்ட நாளிலிருந்து அவருடைய உத்தரவுகள் ஓயவில்லை. ராஜகேசரியை 'அது' என்று சொல்லக் கூடாது, 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். பொங்கியண்ணன் மரியாதையைக் குதிரையின் லத்தி வரைக்கும் நீட்டிவிட்டார்: "அவிய காலையில நல்லாப் போட்டிருக்காங்க." ஞாயிற்றுக்கிழமை தீனி மட்டும் அர்த்தனாரியே கொடுப்பார். பித்தளைத் தூக்கில் பாதாம், முட்டை, நெய் போட்டுப் பிடித்த உருண்டை. அந்த நேரத்தில் யாரும் பார்க்கக் கூடாது, கண் பட்டுவிடும். சாப்பிடுகிறவர்களை உற்றுப் பார்க்காதே என்று சொல்லித்தான் சபீராவையும் வளர்த்திருந்தார்கள். இந்த ஒன்றிலாவது மனிதர் நியாயமாகப் பேசுகிறாரே என்று, தார்ப்பாயை வெட்டித் தடுப்புக்குத் திரை தைத்து மாட்டியது அவளேதான். பன்னிரண்டு ஞாயிறு, ஒருமுறைகூட அதை விலக்கிப் பார்த்ததில்லை.

அரை மணி நேரம் கழித்து மீசையைத் துடைத்தபடி வெளியே வருவார். மீசை நுனியில் பச்சையாக ஏதாவது ஒட்டியிருக்கும். வெற்றிலை என்று நினைத்துக்கொள்வாள். வந்ததும் சண்டை. "ராஜகேசரிக்கு விலா எலும்பு தெரியுது. பாதாமை யாரம்மா திங்கறீங்க?" என்பார். குதிரை உண்மையில் இளைத்துத்தான் வந்தது. சட்டைப் பொத்தான்கள் தெறிக்கிற அளவுக்குப் பெருத்துவந்தது அவர்தான்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. மஞ்சு மூட்டம் கவிந்து, சில்வர் ஓக் மரங்கள் இடுப்பு வரைதான் இருந்தன, மேலே ஒன்றுமில்லை. மற்ற நாளில் நாலு பேர் இல்லாமல் நகராத அர்த்தனாரி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தானே ஓட்டிக்கொண்டு தனியாக வருவார். சரிகைத் தலைப்பாகை கதவில் இடித்தது. சரி செய்துகொண்டு இறங்கினார்.

"ராஜகேசரி எப்படி இருக்கார்?"

"அசை போடறாருங்க."

அவர் ஆச்சரியப்படவில்லை.

"எப்பருந்து?"

"மத்தியானத்துல இருந்துங்க."

"அப்பத் தயாராயிருக்கும்" என்றார், தனக்குள்.

"எதுங்க தயாராயிருக்கும்?" அவர் லாயத்தை நோக்கி நகர்ந்தார். அவள் வழியை மறித்து நின்றாள். "ஐயா, போன்லயே சொன்னேன். இப்பவே கூட்டிட்டுப் போயிருங்க. குட்டி இன்னும் ஒரு வாய் பால் குடிக்கல. உங்க குதிரை வாசனைக்குத்தான் இப்படிப் பண்ணுது."

"மட்டக்குதிரைக் குட்டி குடிக்கலைன்னா அரச பரம்பரை என்னம்மா பண்ணும்? ஆடிப் பதினெட்டு ஊர்வலம் முடியட்டும், பாக்கலாம்."

"அதுக்கு இன்னும் ஒரு வாரம் கெடக்குதுங்க. குட்டி செத்துரும்."

"ஓரி வம்சத்துக் குதிரை நிக்கறது இந்த லாயத்துக்கே கவுரவம். எத்தனை பேர் கேக்கறாங்க தெரியுமா?"

"கேக்கறவங்க ஊட்டுலயே கட்டிக்குங்க. நீங்க கூட்டிட்டுப் போகலைன்னா நாலு ஆள வெச்சு இழுத்தாவது ரோட்டுல விட்டுருவேன், சொல்லிட்டேன்."

பேனரில் பார்க்கிற முகம் ஒரு நொடி கழன்று விழுந்தது. அடியில் இருந்தது பயந்துபோன வேறொரு முகம். கடைவாயில் எச்சில் திரண்டு, மையடித்த மீசை வழியாகக் கருநூலாக இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை. நாக்கால் உள்ளே இழுத்துக்கொண்டார். சபீராவுக்குக் குமட்டியது.

"விட்டுராத கண்ணு" என்றார் கெஞ்சலாக. பிறகு, அதட்டலாக, "நேரத்தக் கடத்தாத. பசி நேரம்."

"குதிரைக்குங்களா?"

அவர் அவளைத் தள்ளிக்கொண்டு லாயத்துக்குள் நடந்தார். ஏறக்குறைய ஓடினார். தார்ப்பாய் விழுந்து மூடியது.

வண்டியின் பின் சீட்டை எட்டிப் பார்த்த பொங்கியண்ணன், பித்தளைத் தூக்கை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். "ஐயா! தூக்கை உட்டுட்டுப் போறீங்களே! வெறுங்கையோட போயி என்னத்தத் தரப்போறீங்க?"

சபீரா மிளகுக் கொட்டகைக்கு நடந்தாள். இன்னொரு தடவை கறந்து பார்க்கலாம். தேன் தொட்டு நாக்கில் தடவிப் பார்க்கலாம். விடியற்காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொட்டகையை நெருங்கும்போதே மைனா கனைப்பது கேட்டது. கூப்பிடும் கனைப்பு. விடாமல். கயிறு தரையில் கிடந்தது. குட்டியின் கழுத்தில் கட்டியிருந்த முடிச்சு அவிழவில்லை, அறுபடவில்லை. ஈரமாக, பச்சையாக, மென்று துப்பியதுபோல நைந்திருந்தது.

குட்டிக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை.

"அம்மிணி!" பொங்கியண்ணனின் குரல் மஞ்சுக்குள் எங்கிருந்தோ வந்தது. "குட்டி லாயத்துக்குள்ள போச்சுங்க!"

ஓடினாள். சேற்றில் சின்னக் குளம்படிகள். தாமரை மொட்டு அளவு. கோணலாக, ஆனால் நிற்காமல், லாயத்து வாசல் தாண்டி, மைனாவின் காலித் தடுப்பைத் தாண்டி, தார்ப்பாய்க்கு அடியில் போய் மறைந்தன. அவள் திரையின் முன்னால் நின்றாள். கை அதைத் தொட்டுவிட்டு நின்றது. சாப்பிடுகிறவர்களைப் பார்க்கக் கூடாது.

உள்ளே மெல்லும் சத்தம். சப்புக் கொட்டும் சத்தம். பிறகு ஒரு மடக்கு. தொண்டையில் பெரிதாக எதையோ இறக்கும் மடக்கு. அது குதிரையின் தொண்டை அல்ல.

"இன்னும்" என்றது ஒரு குரல். அர்த்தனாரியின் குரல்தான். ஆனால் அதில் ஜமீன் இல்லை, வாரிசு இல்லை. பசித்த பிள்ளையின் சிணுங்கல். "இன்னுங் கொஞ்சம்."

சபீரா திரையை விலக்கினாள்.

அர்த்தனாரி லத்தியில் முழங்காலிட்டிருந்தார். தலைப்பாகை மல்லாந்து கிடந்தது, அதில் மூத்திரம் தேங்கியிருந்தது. கண்கள் மூடியிருந்தன. கழுத்து பின்னால் சாய்ந்து, வாய் மேலே பார்த்துத் திறந்திருந்தது, கூட்டில் குஞ்சு திறப்பதுபோல. குதிரை தலையைத் தாழ்த்தி, தன் சாம்பல் உதடுகளால் அந்த வாயை மொத்தமாக மூடியது. கன்னங்கள் புடைத்தன. மீசையின் இரு பக்கமும் பச்சைக் கூழ் வழிந்தது. விழுங்கினார். வயிறு ஒரு சுற்று அசைந்தது.

பன்னிரண்டு ஞாயிறு.

அவருக்குப் பக்கத்தில், அதே மாதிரி, கழுத்தை உயர்த்தி, பல்லில்லாத இளஞ்சிவப்பு வாயைத் திறந்துகொண்டு, அவளுடைய குட்டி.

"வேண்டாம்" என்று சொல்ல நினைத்தாள். வாசனை முகத்தில் அடித்தது. பால். பலா. புளிப்பு. குமட்டலுக்குக் காத்திருந்தாள்.

குமட்டல் வரவில்லை.

குதிரை அவரை விட்டுவிட்டுத் திரும்பியது. "இன்னும்" என்றார் கண்ணைத் திறக்காமலே. அது குட்டியிடம் குனிந்தது. கொடுத்தது. நிதானமாக. காலை முதல் ஒரு சொட்டும் விழுங்காத குட்டி இப்போது விழுங்கியது. ஒரு வாய். இன்னொரு வாய். வால் மகிழ்ச்சியாக ஆடியது.

"என்னங்க அம்மிணி அங்க?" வெளியே பொங்கியண்ணன். "குட்டி இருக்குதுங்களா?"

பசியில் அவளுடைய வாய் நிறையத் தண்ணீர் ஊறியிருந்தது.

குட்டி அவளைப் பார்த்தது. அடையாளம் கண்டுகொண்டது. தள்ளாடித் தள்ளாடி அவளிடம் வந்தது. தாடை வலமும் இடமுமாக அசைந்தது. அவளுடைய முழங்கால்கள் தாமாக மடங்கின. வைக்கோல் ஈரம். முகத்துக்கு நேராகக் குட்டியின் மூக்கு, சூடாக.

அந்த மெல்லிய செவலைக் கழுத்தினுள், கீழிருந்து, ஒரு சின்ன உருண்டை ஏறிக்கொண்டிருந்தது.