கண்ணாடியில் விழுந்த சிவப்பு

அன்று காலையிலிருந்து ஒச்சப்பனை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

நிலாச் சுரங்கத்தில் இது வாடிக்கைதான். பதினெட்டு வயதானால் யாராக இருந்தாலும் நெற்றியில் கடுகளவு நாணவிளக்கைப் பதித்துவிடுவார்கள். உள்ளுக்குள் வெட்கப்பட்டால் அது சிவப்பாக எரியும். ஆள்சேர்ப்புப் படத்தில் பேசுபவரின் விளக்கு எரிந்தால் அந்தப் படத்தை வெளியிடக்கூடாது என்பது சட்டம். சட்டம் என்று ஒன்று வந்தால் சந்து ஒன்று இல்லாமல் போகுமா? சொல்ல வேண்டிய பொய்யை ஊழியர் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். வெட்கம் வற்றி விளக்கு அணைந்ததும் கேமராவை ஓடவிடுவார்கள். இதற்குத்தான் உலர்த்தல் என்று பெயர்.

படங்களை இயக்கும் பூங்கோதை இதில் கைதேர்ந்தவள். பொய்களைக் கேட்டுக் கேட்டு அவளுடைய விளக்கு எரிந்தே வருடக்கணக்காகிவிட்டது. பழுதாகிவிட்டதோ என்று அவளே சந்தேகப்பட்டதுண்டு.

மதியத்துக்குள் ஒச்சப்பன் உலர்ந்துவிட்டார். தலைக்கவசத்தை மாட்டுமுன் தயங்கினார்.

"தாயி, ஊர்ல எம்மக பேச்சி இங்க வேலைக்கு வரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. மூச்சுக்காத்தக்கூட அளந்து குடுக்கிற எடம்னு நான் பேசுனா, ஆபீசுல லைனத் துண்டிச்சுப்புடுறாக. நீங்கதான் அவ வராமப் பாத்துக்கிடணும்."

"சரிண்ணே" என்றாள் பூங்கோதை.

கேமரா ஓடியது. கவசக் கண்ணாடிக்குள்ளிருந்து ஒச்சப்பன் சிரித்தார்.

"இது எனக்கு இன்னொரு குடும்பம். எம்மகளும் இங்க வந்தா ரொம்ப சந்தோசப்படுவேன்."

அவர் நெற்றியில் பொட்டு வெளிச்சம் இல்லை. அந்த இரண்டாவது வரியை எழுதிக் கொடுத்தவள் பூங்கோதைதான். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

படத்தொகுப்பில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தாள். ஒச்சப்பனின் கவசக் கண்ணாடியில், கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் அவளே தெரிந்தாள். நெற்றியில் விளக்கு செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. பழுதாகவில்லை போலிருக்கிறது. அதை அழிப்பது ஒரு நொடி வேலை. அவள் அழிக்கவில்லை. பேச்சி கெட்டிக்காரியாக இருந்தால் இதைப் பார்த்ததும் புரிந்துகொள்வாள் என்று அப்படியே அனுப்பிவிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த கப்பல் நிரம்பி வழிந்து வந்து இறங்கியது. வரிசையின் முதல் ஆள் ஒரு பெண். ஒச்சப்பனின் மூக்கை அப்படியே உரித்து வைத்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஒச்சப்பன் மகளைப் பார்த்தார். பிறகு பூங்கோதையைப் பார்த்தார். 

"கண்ணாடியில சிவப்பு தெரிஞ்சுதே பேச்சி, நீ பாக்கலையா?" என்றாள் பூங்கோதை.

"பாத்தேங்க்கா. அதப் பாத்துத்தானே வந்தேன்!" பேச்சி வெள்ளந்தியாகச் சிரித்தாள். "எத்தன கம்பெனிப் படம் பாத்திருக்கோம், எவுக நெத்தியிலயும் வெளிச்சமே இல்ல. இங்க வெக்கப்படுறதுக்காச்சும் ஒரு மனுசி இருக்காகளேன்னு நம்பித்தான் இத்தன பேரும் கெளம்பி வந்தோம்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மேலாளர் ஜெபராஜுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த படத்துக்கு இன்னும் அகலமான கண்ணாடி வைத்த கவசத்தைத் தருவித்து, அதைத் தன் கையாலேயே துடைத்தார். இந்த முறை பேச்சியை உலர்த்தினார்கள். சின்ன வயது, சீக்கிரமே உலர்ந்துவிட்டாள்.

"இது எனக்கு இன்னொரு குடும்பம்" என்று ஆரம்பித்தாள் பேச்சி.

பூங்கோதையின் நெற்றி திகுதிகுவென்று எரிந்தது. இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். ஜெபராஜ் பின்னாலிருந்து வந்து அந்தக் கைகளைப் பதமாக விலக்கினார்.

"மறைக்காதீங்க மேடம். வெளிச்சம் பிரமாதமா விழுது. அப்படியே நில்லுங்க."