பன்னிரண்டாம் படுக்கையின் பக்கம்

அன்று மதியம் அலுவலகத்துக்கு அரை மனதோடுதான் வந்தேன். மனைவி மருத்துவமனையில், பன்னிரண்டாம் படுக்கையில் இருந்தாள். குடல்வால் அறுவை சிகிச்சை காலையிலேயே முடிந்திருந்தது. "இங்க உக்காந்து என் மூஞ்சியையே பாத்துட்டு இருக்காம வேலைக்குப் போங்க" என்று அவளே துரத்திவிட்டாள். அதே மருத்துவமனைக்கான இணையச் செயலியை நாங்கள் நாலரைக்கு வெளியிட வேண்டும்.

வெளியிடும் முன் ஒரு சோதனை ஓடும். செயலியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் டெம்ப்ளேட், அதாவது அந்தப் பக்கத்தின் அச்சு, இருக்கிறதா என்று பார்க்கும். ஒன்று குறைந்தாலும் சிவப்பு. அதை எழுதியவர் எங்கள் குழுவில் இருந்த தாடிக்காரர். "நர்ஸ் பட்டனைத் தட்டி முழிக்கிறதுக்கு முன்னாடி நமக்குத் தெரியணும்டா" என்று உயிரை வாங்குவார். போன மாதம் செத்துப்போனார். அவர் நாற்காலிதான் இப்போது எனக்கு.

சோதனை சிவப்பானது.

'டெம்ப்ளேட் இல்லை: இறப்பு அறிவிப்பு, படுக்கை 12.'

நிரல் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினேன். அப்படி ஒரு பக்கத்தை நாங்கள் யாரும் எழுதியிருக்கவில்லை. எங்கிருந்தோ பினாயில் வாடை வந்தது. ஏசி நின்றுபோயிருந்தும் முதுகு சில்லிட்டது.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்," என்று எங்கள் குழுத் தலைவியைக் கூப்பிட்டேன்.

"பழைய குப்பை ஏதாவது இருக்கும். பேருக்கு ஒரு வெத்து ஃபைல் போடு, பச்சையாயிடும்," என்றாள் அக்கா.

அவசரத்துக்கு நாங்கள் எல்லோரும் செய்கிற திருட்டுவேலைதான். போட்டேன். பச்சையானது.

மனசு கேட்கவில்லை. ஃபைலைத் திறந்தேன்.

காலியாக இல்லை.

என் மனைவியின் பெயர். வயது முப்பத்தொன்று. நேரம் 4.10.

ஐயோ! உடனே அழித்தேன். மறுபடி சிவப்பு. "என்னடா பண்றே?" என்று அக்கா தன் மேசையிலிருந்து கத்தினாள். வேலை போனாலும் போகட்டும் என்று மனைவிக்குப் போன் போட்டேன். மணி நான்கு ஒன்பது.

"நல்லாத்தான் இருக்கேன். ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்றவளின் குரல் சட்டென்று தணிந்தது. "ஏங்க, உங்க ஆபீஸ்காரர் ஒருத்தர் வந்திருக்கார். தாடி வெச்சவர்."



"என்ன... என்ன சொல்றார்?"

"ஏதோ பக்கம் இன்னும் வரலியாம். வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேங்கிறார்."

"விடுடா, நானே ஒரு வெத்து ஃபைல் போட்டுட்டேன்," என்றாள் அக்கா. "பச்சை!"

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எழுந்துட்டார்ங்க," என்றாள் என் மனைவி.